வீட்டில் ஒருவர் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்றால்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

“இருந்து என்ன பண்றது”, “நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி”, “பேசாம செத்துடலாம் போல இருக்கு”. இந்தப் பேச்சைக் கேட்காத வீடு நம்மிடையே குறைவு. பெரும்பாலும் அது அலுப்பில் வருவது. மறுநாள் சொன்னவருக்கே நினைவிருக்காது. சில வேளைகளில் அப்படி இல்லை. எது அலுப்பு, எது ஆபத்து என்பதைத் தள்ளி நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொன்னவரிடமே கேட்டால்தான் தெரியும். எப்படிக் கேட்பது, கேட்ட அன்று இரவு என்ன செய்வது, மறுநாள் எங்கே போவது என்பவற்றை இங்கே காணலாம்.

இதைப் படிக்கும்போதே உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் கட்டுரையை முடிக்கக் காத்திருக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கிடைக்கும். சுகாதார அமைச்சின் ஹீல் சேவை எண் 15555. மகளிர் அமைச்சின் தாலியான் காசே 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அங்குள்ள எஸ்ஓஎஸ் அமைப்பை 1767 என்ற எண்ணில் அழைக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கின்றனர். 15 முதல் 29 வயதுக்குட்பட்டோர் இறப்பதற்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 2022-இல் இடைநிலைப்பள்ளி மாணவரிடையே நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், எட்டுப் பேரில் ஒருவர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகள். தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009-ஆம் ஆண்டு அறிக்கையில், மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தியர்கள் விகித அடிப்படையில் முதலிடத்தில் இருந்தார்கள். இது நமக்குத் தெரியாத செய்தி அல்ல. தோட்டத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் தெரிந்த வீடு ஒன்றைச் சொல்வார்கள். குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

சட்டம் மாறிவிட்டது

குரலைத் தாழ்த்துவதற்குப் பாதிக் காரணம் மானம், மீதி போலீஸ் பயம். நீண்ட காலம் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று விதித்திருந்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்து நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டு போகப்பட்டவர்கள் உண்டு. அதனால்தான் பல குடும்பங்கள் “தவறி விழுந்துட்டான்”, “தெரியாம குடிச்சிட்டா” என்று டாக்டரிடமும் பொய் சொன்னார்கள்.

2023 மே மாதம் மக்களவை அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தது. இப்போது முயன்று பிழைத்தவர் குற்றவாளி அல்ல, நோயாளி. மனநலச் சட்டமும் அதே வேளையில் திருத்தப்பட்டு, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அதிகாரம் போலீஸ், தீயணைப்புத் துறை போன்றவற்றின் அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தரப்பட்டது. சிங்கப்பூர் இதே மாற்றத்தை 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்குக் கொண்டு வந்தது. ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டுவது மட்டும் இன்றும் கடும் குற்றமே.

ஆகவே மருத்துவமனை அவசரப் பிரிவில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மறைத்தால் டாக்டர் தவறான சிகிச்சை தரக்கூடும். எதையாவது உட்கொண்டுவிட்டார் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், “நல்லாத்தானே பேசறான்” என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். புட்டியோ அட்டையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். சில பொருள்கள் முதல் நாள் ஒன்றும் காட்டாது.

கேட்பது எப்படி

“அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனசில் போட்டுவிடுவோமோ” என்பது எல்லாப் பெற்றோருக்கும் வரும் அச்சம். பல ஆண்டு ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகவே காட்டியுள்ளன. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாகக் கிடப்பவருக்கு, யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே பெரிய ஆறுதலாக இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். “தப்பா ஒன்னும் நினைக்கலையே?” என்று கேட்டால் “இல்லைப்பா” என்ற பதில்தான் வரும்; அந்தக் கேள்வியே அந்தப் பதிலைக் கேட்டு வாங்குகிறது. “தம்பி, கொஞ்ச நாளா நீ சரியாத் தூங்கல, சாப்பிடல. சாகணும்னு தோணுதாடா? எங்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்” என்று கேட்கலாம். “ஆமா” என்றால் மேலும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எப்போதிலிருந்து தோணுது? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? அதுக்கு ஏதாவது எடுத்து வச்சிருக்கியா? வழியும் பொருளும் தயார் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு அவரைத் தனியாக விடக்கூடாது.

காரில் போகும்போதோ, சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதோ கேட்பது எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிட எளிது. அப்பாவிடம் பேசாத பிள்ளை மாமாவிடம் பேசும், சித்தியிடம் பேசும். யார் கேட்கிறார்கள் என்பதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

பதில் வந்த பிறகு நம் வாயில் வரக்கூடாத சில வாக்கியங்கள் இருக்கின்றன. “நாங்க வெயில்லயும் மழையிலயும் மரம் சீவி உன்னைப் படிக்க வச்சோம், அதுக்கு இதுதானா?” என்பது அவற்றில் முதலாவது. சொல்பவரின் வலி உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் தான் வீட்டுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நம்பத் தொடங்கிய பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. “உனக்கென்ன குறை”, “சாமி குத்தம்”, “ஊர் என்ன பேசும்” ஆகியவையும் அதே வகைதான். “நல்ல வேளை சொன்னே. நான் இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம்னு பார்ப்போம்” என்பது போதும். அறிவுரை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

“சும்மா நடிக்கிறான், பயமுறுத்திக் காரியம் சாதிக்கப் பார்க்கிறான்” என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. முன்பு ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயல்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நடிப்பு என்றே வைத்துக்கொண்டாலும், உயிரைப் பணயம் வைத்து நடிக்க வேண்டிய அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன தேவைப்படுகிறது என்று கேட்பதில் நமக்கு நட்டம் இல்லை.

வாய் திறக்காதவர்களிடம் வேறு அடையாளங்கள் தெரியும். பிரியமான பொருள்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவது, கடனை எல்லாம் ஒரே நாளில் தீர்ப்பது, புலன ஸ்டேட்டஸில் விடைபெறுவது போல எழுதுவது, நள்ளிரவில் உட்கார்ந்திருப்பது. ஆண் பிள்ளைகளிடம் சோகம் சோகமாகத் தெரிவதில்லை. கோபமாக, குடியாக, கண்மண் தெரியாத மோட்டார் ஓட்டமாக வெளிவரும். வாரக்கணக்கில் உடைந்து கிடந்தவர் காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிட்டால் “சரியாயிட்டான்” என்று முடிவு கட்டிவிடாமல் அன்றைக்கே கேளுங்கள்.

அன்று இரவு

தற்கொலை நெருக்கடி பெரும்பாலும் நீண்டது அல்ல. உச்ச வேகம் சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்தில் தணியும். அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பலருடைய உயிரை முடிவு செய்கிறது. வீட்டில் எதையும் பூட்டி வைப்பதால் துக்கம் தீராது, ஆனால் அந்த நேரம் கடந்துவிடும்.

தோட்டப்புறத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. புல்லுக்கு அடிப்பதும் நமக்கு மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். இரண்டும் ஒரே வீட்டில், சில வீடுகளில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. மிகக் கொடிய களைக்கொல்லி ஒன்றை நாடு 2020 ஜனவரி முதல் தடை செய்தது நல்ல காரியம். இலங்கையில் கடும் நச்சுள்ள பூச்சி மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு சரிந்தது. அங்கே மக்களின் கஷ்டம் குறைந்துவிடவில்லை. போரும் சுனாமியும் அந்த ஆண்டுகளில்தான் வந்தன. எளிதில் கைக்குக் கிடைப்பது குறைந்தது, அவ்வளவுதான்.

வேலைக்கு வாங்கும் மருந்தை வீட்டுக்குக் கொண்டு வராமல் தோட்டத்து ஸ்டோரிலேயே வையுங்கள். பழைய தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சின்னக் குழந்தைகளுக்கும் ஆபத்து, அதை அடியோடு விடலாம். தாத்தா, பாட்டிக்கு அரசாங்கக் கிளினிக்கில் மாதக்கணக்குக்குத் தரும் மாத்திரைகளைப் பூட்டி, ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெளியே வைக்கலாம். அல்லது பக்கத்து வீட்டு உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். இதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை. “நீ நல்லா ஆகிற வரைக்கும் இதெல்லாம் அத்தை வீட்டில இருக்கட்டும்” என்று சொல்லியே செய்யலாம்.

கூடவே இருப்பது என்றால் கண்கொட்டாமல் முறைத்துக்கொண்டிருப்பது இல்லை. அதே அறையில் பாய் போட்டுப் படுங்கள். தொலைக்காட்சியில் ஏதாவது ஓடட்டும். மது வேண்டாம்; அது தடுப்பை உடைத்துவிடும். ஒரே ஆள் மூன்று இரவு விழித்தால் நான்காம் இரவு அசந்து தூங்கிவிடுவார். அண்ணன், மச்சான், பெரியம்மா என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகவாவது ஒரிரு உறவினரிடம் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். குடும்ப மானம் என்று எல்லாரிடமும் மறைத்து, ஒரு தாயை மட்டும் காவலுக்கு வைப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் கொடுமை.

மறுநாள் எங்கே போவது

“டாக்டர்கிட்ட போனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க” என்ற பேச்சு மூன்று தலைமுறையாக நம்மிடம் இருக்கிறது. 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, ஒரு காலத்தில் கேலிச்சொல்லாகவே ஆகிவிட்டது. இன்று மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் எந்த மருத்துவமனையிலும் தங்குவதில்லை. காலையில் போய் மதியம் வீடு திரும்புகிறார்கள்.

முதல் படி உங்கள் வட்டார அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். “தூக்கம் இல்லை, தலைவலி” என்று ஆரம்பித்தால் தூக்கத்துக்கும் தலைவலிக்கும்தான் மாத்திரை கிடைக்கும். “இவனுக்குச் சாகணும்னு எண்ணம் வருது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வராத பெற்றோர் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். கிளினிக் டாக்டர் சில கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்வார், தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். இரவிலோ விடுமுறையிலோ நிலைமை மோசமானால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போகலாம்.

மனச்சோர்வு மாத்திரை பனடோல் போல அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். “ஒரு வாரமா சாப்பிட்டும் ஒன்னும் தெரியல” என்று நிறுத்திவிடுவதே அதிகம் நடக்கிறது. நன்றாக ஆன பிறகும் தாமாக நிறுத்தக்கூடாது. இளையோர் மருந்து தொடங்கும் முதல் சில வாரங்களில் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். படபடப்பு கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிஃப்ரெண்டர்ஸ் போன்ற சேவைகளில் தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, காசு இல்லை, புத்திமதியும் இருக்காது, கேட்பார்கள். தமிழில் பேச விரும்பினால் முதலிலேயே சொல்லுங்கள். எல்லா நேரமும் தமிழ் பேசுபவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, எப்போது அழைக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. என்ன செய்வதென்று தெரியாத அம்மாவும் அழைக்கலாம்.

கோயிலுக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு: போங்கள். பாட்டி கயிறு கட்ட வேண்டும் என்றால் கட்டட்டும், அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். ஆனால் செய்வினை எடுக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமோ, மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமோ பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள்.

பிள்ளைகளை அழுத்துவது

எஸ்பிஎம் முடிவு வரும் நாளில் பல வீடுகளில் மாலை வரை யாரும் பேசிக்கொள்வதில்லை. மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தோல்வி கண்டால் சான்றிதழ் இல்லை என்பது உண்மை. அந்தப் பாடத்தை மட்டும் எஸ்பிஎம் உலாங்கான் வழி மறுபடி எழுதலாம் என்பதும் உண்மை. சமூகக் கல்லூரி, கியாட்மாரா, தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. முடிவு வருவதற்கு முன்பே, “என்ன வந்தாலும் அன்னைக்கு ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடறோம்” என்று சொல்லி வைக்கும் அப்பாக்கள் பெரிய காரியம் செய்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் இருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முதலாம் படிவத்தில், தோழர்கள் பிரிந்து, மொழியும் மாறி, பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளைகள் பலர். ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். குறும்பு செய்த மாணவரை அனுப்பும் இடம் என்று பிள்ளைகள் அவர் அறைக்குப் போக வெட்கப்படுகிறார்கள். பெற்றோரே ஒருமுறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தால் அந்த வெட்கம் பாதி போய்விடும்.

2024 ஜூலையில் டிக்டாக்கில் இழிவுபடுத்தப்பட்ட நம் சமூகத்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அதைத் தொடர்ந்து தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025-இல் நடப்புக்கு வந்தன. இணையத்தில் மிரட்டல் வந்தால் அழித்துவிடாமல் திரைப்படம் எடுத்து வைத்து, போலீசில் புகார் செய்யுங்கள். பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வது தீர்வு ஆகாது. ஆறுதல் சொல்லும் ஒரே தோழியும் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கக்கூடும்.

வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞர்களை அழுத்துவது பெரும்பாலும் கடன். மோட்டார், கைப்பேசி, கல்யாணச் செலவு, பிறகு ஒரு கடனை அடைக்க இன்னொன்று. வங்கிக் கடன் என்றால் பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே நிறுவனம் கட்டணமின்றி உட்கார்ந்து கணக்குப் போட்டு, மாதத் தவணையைக் குறைக்க வங்கிகளிடம் பேசுகிறது. ஆலோங் கடன் அங்கே தீராது. மிரட்டல் வந்தால் அதற்கும் போலீஸ் புகார்தான். எவ்வளவு என்பதை வீட்டில் சொல்லிவிடுவதுதான் இதில் மிகக் கடினமான படி. சொன்ன அன்று தொகையைக் கேட்டுக் கத்தாமல் இருந்தால், மீதியை நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இழந்துவிட்ட வீட்டில்

எல்லாம் செய்தும் சில வீடுகளில் இழப்பு நேர்ந்துவிடுகிறது. துக்கம் கேட்கப் போகும் நாம் அங்கே எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் தடுப்பில் அடங்கும். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தாருக்கே அந்த ஆபத்து கூடுகிறது.

“ஏன், எதுக்கு, கடிதம் ஏதாச்சும் இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் தங்களிடமே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மருமகளையோ காதலியையோ ஆசிரியரையோ காரணமாக்கிப் பேச வேண்டாம். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது. படமும் காணொளியும் புலனக் குழுவில் வந்தால் அதை அனுப்பாமல் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டுச் சிறுவர்களிடம் “அப்பா வெளியூர் போயிருக்காரு” என்று சொல்வது உறவினர் எல்லாரும் செய்வது. பிள்ளை அதைப் பள்ளியில் வேறொரு பிள்ளையிடம் இருந்து தெரிந்துகொள்ளும். “அப்பா இறந்துட்டாரு. அவருக்கு மனசுல கடுமையான நோய் இருந்துச்சு. உன்னால இல்லை” என்று, அந்த வயதுக்குப் புரியும் அளவில், வீட்டாரே சொல்லிவிட வேண்டும்.

பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள். சாப்பாடு கொண்டு போகிறவர்கள் அதற்குப் பிறகு கொண்டு போகலாம். முதல் தீபாவளி, இறந்தவரின் பிறந்தநாள், அவரோடு படித்த பிள்ளைகளுக்குத் தேர்வு முடிவு வரும் நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். போனால் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெற்ற தாய் அந்தப் பெயரை வேறு ஒருவர் வாயால் கேட்டு மாதங்கள் ஆகியிருக்கும்.